பிள்ளைகளுக்காகக் கடல் கடந்த இசை மேதை

1826-ஆம் ஆண்டு, பிப்ரவரி மாதம் 16-ந் தேதி. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரம். குளிர் காலம். ஒரு வீட்டு வாசலில் நெடும் பயணத்துக்குரிய குதிரை வண்டி ஒன்று நின்று கொண்டிருக்கிறது.

வீட்டிலிருந்து ஒருவர் மெல்ல இறங்கி வருகிறார். மெலிந்த உடம்பு. ஒரு கால் சற்றே நொண்டும். பாதங்கள் வீங்கியிருக்கின்றன. விட்டு விட்டு இருமல் வருகிறது. வயதோ 39-தான்.

வீட்டில் அவருடைய இரண்டு ஆண் குழந்தைகள். மூத்தவனுக்கு நான்கு வயது இன்னும் நிரம்பவில்லை. இளையவனுக்கு ஒரு வயதுதான் ஆகிறது. வாசலில் மனைவி.

வண்டிக் கதவு சாத்தப்படுகிறது. சக்கரம் உருள்கிறது. அந்தக் கதவு சாத்திய ஓசை, மனைவியின் காதில் சவப்பெட்டியின் மூடி விழுந்த ஓசையைப் போலக் கேட்டதாம். அந்த மூத்த மகன் பெரியவனாகி எழுதிய நூல் இதைச் சொல்கிறது.

வண்டியில் போனவருக்கும் உண்மை தெரியும். தாம் திரும்பி வருவது அரிது என்று அவர் அறிவார். அறிந்தேதான் போனார்.

அவர் பெயர் கார்ல் மரியா வான் வெபர். ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்ற இசை மேதை. அவர் ஏன் போனார்? அதுதான் இந்த வரலாறு.

தந்தையின் கனவு

1786-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், வட ஜெர்மனியில் ஆய்ட்டின் என்ற சிற்றூரில் வெபர் பிறந்தார். அந்தக் காலத்தில் ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. பல சிறு அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வோர் அரசனும் தனக்கென்று ஒரு நாடகக் கொட்டகையும் ஒரு வாத்தியக் குழுவும் வைத்திருந்தான். இசைவாணர்கள் அந்த அரண்மனைகளை நம்பியே பிழைத்தார்கள்.

வெபரின் தந்தை பிரான்ஸ் அன்டன் இசை அறிந்தவர், பெரிய ஆசைக்காரர். அவருடைய அண்ணன் மகளைத்தான் மாமேதை மோஸார்ட் மணந்திருந்தார். மோஸார்ட் ஆறு வயதிலேயே அரசர்கள் முன் பியானோ வாசித்துப் பேர் வாங்கியவர். நம் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை வேண்டும் என்பது தந்தையின் தீராத கனவு.

ஆனால் பிறந்த குழந்தையோ நோஞ்சான். இடுப்பு எலும்பில் நோய். நான்கு வயது வரை நடக்கவே இல்லை. நடந்த பிறகும் வாழ்நாள் முழுவதும் கால் நொண்டியது.

தந்தை விடவில்லை. குடும்பத்தையே ஒரு நாடகக் கம்பெனியாக ஆக்கி, ஊர் ஊராக அழைத்துச் சென்றார். நம் ஊர்ப் பழைய நாடகக் கம்பெனிகளைப் போலத்தான். இன்று ஓர் ஊர். நாளை வேறு ஊர். திரைச்சீலைக்குப் பின்னால் அந்த நொண்டிப் பையன் வளர்ந்தான். நடிகர்களும் பாடகர்களும் வாத்தியக்காரர்களுமே அவனுக்கு விளையாட்டுத் தோழர்கள். ஒழுங்கான பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் நாடக மேடையின் நெளிவு சுளிவுகள் எல்லாம் பையனுக்கு அத்துப்படி ஆகிவிட்டன.

1798-ஆம் ஆண்டில், அவனுக்குப் பன்னிரண்டு வயது நிரம்பும் முன்பே, தாய் காச நோயால் இறந்து போனாள். அதே நோய் பின்னாளில் மகனையும் தேடி வந்தது.

பதினான்காம் வயதில் பையன் இயற்றிய இசை நாடகம் மேடை ஏறியது. இசை நாடகத்தை அங்கே ஆப்பெரா என்பார்கள். பேச்சைவிடப் பாட்டுக்கே அதில் முதலிடம். தந்தைக்குப் பெருமை தாங்கவில்லை. பதினேழாம் வயதில் பிரெஸ்லாவு நகர நாடகக் கொட்டகையில் வாத்தியக் குழுவை நடத்தும் தலைமை வேலையும் கிடைத்தது. தன்னைவிட இரண்டு மடங்கு வயதானவர்களை அந்தப் பையன் ஆட்டி வைத்தான்.

குரல் போயிற்று

வெபருக்கு நல்ல பாட்டுக் குரல் உண்டு. அதற்கு வந்தது ஒரு விபத்து.

கல் அச்சு என்னும் புதிய அச்சுக் கலை அப்போது ஜெர்மனியில் தோன்றியிருந்தது. தந்தை அதில் பலவாறு சோதனை செய்து வந்தார். அதற்கான திராவகத்தை ஒரு பழைய மதுப் புட்டியில் ஊற்றி வைத்திருந்தார். 1806-ஆம் ஆண்டில் ஒரு நாள், மது என்று எண்ணி வெபர் அதை எடுத்துக் குடித்து விட்டார். வாயும் தொண்டையும் வெந்து போயின. நண்பர் ஒருவர் தற்செயலாக அங்கே வந்தார். மயங்கிக் கிடந்தவரைக் கண்டு வைத்தியரை அழைத்தார். உயிர் பிழைத்தது. பாட்டுக் குரல் மட்டும் திரும்பி வரவேயில்லை.

சிறையில் 16 நாள்

அடுத்து ஸ்டுட்கார்ட் நகரில், அரசனின் தம்பியான ஒரு பிரபுவிடம் வெபர் காரியதரிசி வேலை பார்த்தார். பிரபு ஊதாரி. அந்தச் சகவாசத்தில் இளைஞரான வெபரும் செலவாளியாக மாறினார். கடன் ஏறியது. போதாக் குறைக்குத் தந்தையும் அங்கே வந்து சேர்ந்தார். பிறர் பணத்தைத் தம் பணம்போல் எடுத்தாளும் பழக்கம் தந்தைக்கு இருந்தது.

1810-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பண விவகாரம் ஒன்றில் வெபர் கைதானார். 16 நாள் காவலில் இருந்தார். பிறகு தந்தையோடு சேர்த்து அவரை நாட்டைவிட்டே வெளியேற்றி விட்டார்கள்.

அந்த அவமானம் வெபரை அடியோடு மாற்றியது. அன்று முதல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். சாகும்வரை அதை விடவில்லை. அதில் பெரும் பகுதி வரவு செலவுக் கணக்குத்தான். சிறு செலவைக்கூட எழுதி வைத்தார். பழைய கடன்களைச் சிறுகச் சிறுக அடைத்தார். தந்தையைத் தள்ளி வைக்கவும் இல்லை. 1812-ஆம் ஆண்டில் அவர் இறக்கும்வரை பிள்ளைக் கடமையைச் செய்தார்.

கரோலின்

1813-ஆம் ஆண்டில் பிராக் நகர நாடகக் கொட்டகையின் இசைப் பொறுப்பு வெபரிடம் வந்தது. அங்கே பாட வந்த நடிகைகளில் ஒருவர் கரோலின் பிராண்ட். சில ஆண்டுகளுக்கு முன்பே வெபரின் நாடகம் ஒன்றில் முக்கிய வேடம் பூண்டு பாடியவர். கலகலப்பானவர், கெட்டிக்காரர். இருவரும் அன்பு கொண்டார்கள். சண்டையும் பிணக்கும் நடுவே வந்து போயின.

1817-ஆம் ஆண்டில் டிரெஸ்டன் அரண்மனை வெபரை அழைத்தது. அங்கே அதுவரை இத்தாலிய நாடகத்துக்குத்தான் மதிப்பு. ஜெர்மன் மொழியில் பாடினால் மட்டம் என்று பிரபுக்கள் எண்ணினார்கள். தாய்மொழி நாடகத்தை வளர்ப்பதே வெபருக்கு இட்ட வேலை. அந்த ஆண்டு நவம்பர் மாதம் 4-ந் தேதி வெபரும் கரோலினும் மணந்து கொண்டார்கள். கரோலின் அம்மையார் மேடையை விட்டு இல்லறத்தை ஏற்றார்.

ஊர் சுற்றியே வளர்ந்த வெபருக்கு, வீடு என்று ஒன்று அப்போதுதான் அமைந்தது. அதை அவர் உயிராய்ப் போற்றினார். வீட்டில் நாயும் பூனையும் இருந்தன. மனைவிக்கென்று வாங்கி வந்த ஒரு குரங்குகூட இருந்தது. கோடையில் எல்பே நதிக்கரையில், ஹோஸ்டர்விட்ஸ் என்ற கிராமத்து வீட்டுக்குக் குடும்பத்தோடு போய்விடுவார். திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த இடம் அது. அவருடைய சிறந்த பாட்டுகளில் பல அங்கே பிறந்தவை.

1818-ஆம் ஆண்டு டிசம்பரில் முதல் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. ஆனால் நான்கே மாதத்தில், 1819 ஏப்ரலில், அது இறந்து போயிற்று. கணவன் மனைவி இருவரும் துயரத்தில் ஆழ்ந்தார்கள்.

அதே ஆண்டுக் கோடையில், வெபர் மனைவிக்காக ஒரு பியானோ இசை இயற்றினார். நடனத்துக்கு அழைப்பு என்பது அதன் பெயர். ஓர் இளைஞன் வருகிறான், ஒரு பெண்ணை நடனமாட அழைக்கிறான், அவள் தயங்குகிறாள், பிறகு இசைகிறாள், இருவரும் ஆடுகிறார்கள், இறுதியில் வணங்கி விடை பெறுகிறார்கள். இவ்வளவும் அந்த இசையில் வரும். பியானோவில் வாசித்துக்கொண்டே, இது அவன் பேச்சு, இது அவள் மறுமொழி என்று மனைவிக்கு விளக்கிச் சொன்னாராம் வெபர். குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கு இசையையே ஆறுதலாகக் கொடுத்தார். அந்த இசை இன்றும் உலகெங்கும் ஒலிக்கிறது.

வெற்றித் திருநாள்

1821-ஆம் ஆண்டு, ஜூன் மாதம் 18-ந் தேதி. வெபரின் வாழ்விலே பொன்னான நாள்.

அன்று மாலை பெர்லின் நகரில் அவருடைய புதிய நாடகம் அரங்கேற வேண்டும். வேறு யாராக இருந்தாலும் கவலையில் துடித்துப் போவார்கள். வெபர் என்ன செய்தார் தெரியுமா? காலையில் உட்கார்ந்து வேறோர் இசையை எழுதி முடித்தார்! முடித்த கையோடு மனைவியையும் சீடர் பெனடிக்டையும் உட்கார வைத்து, அதை வாசித்துக் காட்டினார்.

அந்த இசையிலும் ஒரு கதை உண்டு. வீரன் ஒருவன் தூர தேசத்துப் போருக்குப் போய்விட்டான். மாளிகையில் அவன் மனைவி தனியே காத்திருக்கிறாள். ஆண்டுகள் ஓடுகின்றன. போர்க்களத்தில் அவன் அடிபட்டுச் சாவதாக அவள் மனக்கண்ணில் ஒரு காட்சி. மயங்கி விழுகிறாள். அப்போது தொலைவில் வெற்றி முழக்கம் கேட்கிறது. கணவன் வந்துவிட்டான்! இருவரும் சேர்ந்தார்கள். கரோலின் அம்மையார் இதைக் கேட்டு மகிழ்ந்திருந்தார்.

மாலையில் அரங்கேறிய நாடகத்தின் பெயர் பிரைஷூட்ஸ். மந்திரக் குண்டு வைத்திருக்கும் வேட்டைக்காரன் என்று பொருள். மாக்ஸ் என்ற இளம் வேட்டைக்காரன் ஒரு பெண்ணை விரும்புகிறான். குறி தவறாமல் சுட்டால்தான் அவளை மணக்கலாம். அவனுக்கோ குறி தப்பிக்கொண்டே போகிறது. தீய நண்பன் ஒருவன் ஆசை காட்டி, நள்ளிரவில் பேய்ப் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போகிறான். அங்கே ஏழு மந்திரக் குண்டுகள் வார்க்கிறார்கள். ஆறு குண்டுகள் சுடுபவன் நினைத்த இடத்தில் பாயும். ஏழாவது குண்டு சாத்தான் நினைத்த இடத்தில் பாயும்! முடிவில் பெண் பிழைக்கிறாள், தீயவன் மடிகிறான்.

காடு, வேட்டை, கிராமத்து நடனம், பேய்க் கதை எல்லாம் ஜெர்மன் மக்கள் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவை. அவற்றைத் தங்கள் சொந்த மொழியில், சொந்த மெட்டில் மேடையில் கண்டதும் மக்கள் கொண்டாடினார்கள். தொடக்க இசையையே மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். சில ஆண்டுகளில் தெருவெல்லாம், கடைவீதியெல்லாம் அந்தப் பாட்டுகள் பரவின.

புகழ் வந்தது, பணம் வரவில்லை

1822-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெபருக்கு ஆண் குழந்தை பிறந்தது. மாக்ஸ் மரியா என்று பெயர். 1825 ஜனவரியில் இளையவன் அலெக்சாண்டர் பிறந்தான். வீடு நிறைந்தது. ஆனால் பை நிறையவில்லை.

இவ்வளவு பெரிய வெற்றி கண்டவருக்குப் பணம் ஏன் இல்லை? காரணம் இதுதான். இன்று பாட்டு எழுதுபவருக்கும் இசை அமைப்பவருக்கும் பதிப்புரிமைச் சட்டம் காவலாக இருக்கிறது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காவல் இல்லை. ஒரு நாட்டில் அச்சான இசையை அடுத்த நாட்டில் யாரும் எடுத்து ஆடலாம். உரியவருக்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை.

1824-ஆம் ஆண்டில் லண்டனில் பல கொட்டகைகள் ஒரே சமயத்தில் அந்த நாடகத்தை நடத்தின. கூட்டம் அலை மோதியது. பாரிஸ் நகரில் ஒருவர் நாடகத்தை வெட்டி ஒட்டி, பெயரையும் மாற்றி நடத்திப் பெரும் பணம் சேர்த்தார். வெபர் கண்டித்து எழுதினார். பயன் இல்லை.

இதற்கிடையே 1823-ஆம் ஆண்டில் வியன்னா நகருக்காக ஆய்ரியாந்தே என்ற நாடகத்தை எழுதினார். அங்கே போனபோது, காது கேளாத மாமேதை பீத்தோவன் அவரைக் கட்டித் தழுவி வரவேற்றார். இசை அறிந்தவர்கள் நாடகத்தைப் புகழ்ந்தார்கள். ஆனால் கதை குழப்பமானது. அது நீண்ட நாள் ஓடவில்லை.

உடம்போ நாளுக்கு நாள் தேய்ந்தது. தாயைக் கொண்டுபோன காச நோய் மகனையும் பிடித்து விட்டது. அந்த நோய்க்கு அப்போது மருந்தே இல்லை. அது ஒரு கிருமியால் வருவது என்று கண்டுபிடித்ததே 1882-ஆம் ஆண்டில்தான்.

வைத்தியர் சொன்னது

1824-ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. காவெண்ட் கார்டன் நாடகக் கொட்டகையின் தலைவர் சார்லஸ் கெம்பிள் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் ஒரு புது நாடகத்துக்கு வெபர் இசை அமைக்க வேண்டும். நேரில் வந்து நடத்தவும் வேண்டும். ஜெர்மனியில் நினைத்துப் பார்க்க முடியாத தொகை கிடைக்கும்.

வெபர் நம்பிக்கைக்குரிய ஒரு வைத்தியரைக் கேட்டார். வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். எல்லா வேலையையும் விட்டு, வெயில் உள்ள நாட்டில் ஓய்வாக இருந்தால் இன்னும் சில ஆண்டுகள் வாழலாம். லண்டன் போனால் சில மாதங்கள்தான்; சில வாரங்களாகக்கூட இருக்கலாம்.

வெபர் கணக்குப் போட்டார். வரவு செலவு எழுதிப் பழகிய கை அல்லவா? ஓய்வெடுத்தால் தமக்குச் சில ஆண்டுகள் கிடைக்கும். ஆனால் அந்த ஆண்டுகளில் வருமானம் இராது. அதன் பின் மனைவியும் இரண்டு குழந்தைகளும் என்ன செய்வார்கள்? லண்டன் போனால் தாம் மடியலாம்; குடும்பம் பிழைக்கும். எப்படியும் தாம் சாகப் போவது உறுதி. அப்படியானால் பிள்ளைகளுக்குச் சோறு வைத்துவிட்டுச் சாவதே மேல் என்று முடிவு செய்தார்.

முடிவு செய்த பிறகு வேலையை அரைகுறையாகச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. ஆங்கிலப் பாட்டுக்கு இசை அமைக்க வேண்டுமானால் ஆங்கிலம் தெரிய வேண்டும் அல்லவா? நோயாளியான அந்த மேதை, ஆசிரியர் ஒருவரை அமர்த்திக்கொண்டு 153 பாடம் படித்தார்! லண்டன் எழுத்தாளர் பிளாஞ்சே நாடகத்தைப் பகுதி பகுதியாக எழுதி அனுப்பினார். வெபர் இருமிக்கொண்டே மெட்டமைத்தார்.

அந்த நாடகம்தான் ஓபெரான். தேவதைகளின் அரசன் ஓபெரானையும், அவன் மந்திர ஊதுகொம்பு கொடுத்து உதவும் ஒரு வீரனையும் பற்றிய கதை. கேட்டவர்கள் அதன் இசையை நிலவொளிக்கு ஒப்பிடுவார்கள். சாவை எதிர்நோக்கி இருந்தவர் எழுதியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

லண்டன் மாநகரில்

புல்லாங்குழல் வித்துவான் பியூர்ஸ்டெனாவு என்ற நண்பர் வெபருக்கு வழித்துணையாகப் போனார். வழியில் பாரிஸ். அங்கே புகழ் பெற்ற இத்தாலிய இசைஞர் ரோசினி வெபரைக் கண்டு திடுக்கிட்டார். இந்த உடம்போடு போகவேண்டாம் என்று தடுத்துப் பார்த்தார். வெபர் கேட்கவில்லை.

கடல் கடந்து மார்ச் மாதம் 5-ந் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தார். சர் ஜார்ஜ் ஸ்மார்ட் என்ற ஆங்கில இசைவாணர் தம் வீட்டிலேயே அவரைத் தங்க வைத்து அன்போடு கவனித்துக் கொண்டார். கொட்டகையில் வெபர் முதன்முதல் தோன்றியபோது மக்கள் எழுந்து ஆரவாரம் செய்தார்கள்.

ஆனால் லண்டன் மூடுபனியும் நிலக்கரிப் புகையும் அவருடைய நுரையீரலுக்கு நஞ்சாயின. அந்த நிலையிலும் 16 ஒத்திகை நடத்தினார். பாடகர் ஒருவர் தமக்கு இன்னும் பகட்டான பாட்டு வேண்டும் என்றார். அதையும் எழுதிக் கொடுத்தார். தொடக்க இசையை அரங்கேற்றத்துக்கு மூன்று நாள் முன்புதான் எழுதி முடித்தார்.

ஏப்ரல் மாதம் 12-ந் தேதி ஓபெரான் அரங்கேறியது. மாபெரும் வெற்றி. ஒப்பந்தப்படி முதல் 12 நாள் ஆட்டத்தையும் வெபரே நின்று நடத்தினார். மேடையில் நிற்கும்வரை நிமிர்ந்து நிற்பார். வீடு திரும்பினால் மூச்சு வாங்கும். படி ஏற முடியாது.

ஊருக்கு மட்டும் கடிதம் தவறாமல் போய்க்கொண்டே இருந்தது. மனைவி கலங்கக் கூடாது என்று நோயின் கடுமையைக் குறைத்தே எழுதினார். குழந்தைகளைப் பற்றிக் கேட்டார். சேர்ந்த பணத்தைப் பற்றிச் சொன்னார்.

மே மாதம் 26-ந் தேதி தமக்கென்று ஒரு கச்சேரி வைத்தார். அதில் கிடைப்பது முழுவதும் குடும்பத்துக்கு ஆகும் என்று மலைபோல நம்பியிருந்தார். கூட்டம் வரவில்லை. பாதி இடம் காலி. கச்சேரி முடிந்ததும் வெபர் சோர்ந்து சாய்ந்து விட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே எண்ணம்தான். வீட்டுக்குப் போக வேண்டும். மனைவி மக்களை ஒரு முறை கண்ணாரக் காண வேண்டும். ஜூன் மாதம் 6-ந் தேதி புறப்படுவது என்று நாள் குறித்தார். வீட்டாருக்குப் பரிசுப் பொருள்களும் வாங்கி வைத்தாயிற்று.

ஜூன் 4-ந் தேதி இரவு நண்பர்கள் சுற்றி அமர்ந்திருந்தார்கள். யாராவது ஒருவர் அறையில் துணைக்குப் படுக்கிறோம் என்றார்கள். வேண்டாம், தூங்கினால் போதும் என்று சொல்லி அவர்களை அனுப்பி விட்டார். மறுநாள் காலை வேலையாள் கதவைத் தட்டினான். பதில் இல்லை. கதவை உடைத்துத் திறந்தார்கள். தலையைக் கையில் சாய்த்து, தூங்குவது போலவே கிடந்தார் வெபர். உயிர் இல்லை.

புறப்பட வேண்டிய நாளுக்கு ஒரே ஒரு நாள் பாக்கி. காத்திருந்த மனைவியிடம் வீரன் திரும்பி வருவதாக இசை எழுதியவர், தாம் திரும்பிப் போகவில்லை.

ஜூன் 21-ந் தேதி லண்டன் மூர்பீல்ட்ஸ் தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். மோஸார்ட் இயற்றிய இரங்கல் இசையைப் பாடினார்கள்.

மகன் செய்த கடமை

ஆண்டுகள் 18 ஓடின. வெபரின் உடல் அன்னிய மண்ணிலேயே கிடந்தது.

டிரெஸ்டனில் வெபர் வகித்த அதே இசைப் பதவிக்கு இப்போது ஓர் இளைஞர் வந்திருந்தார். அவர்தான் ரிச்சர்ட் வாக்னர். பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர். சிறுவனாக இருந்தபோது, வெபர் நொண்டி நடந்து தெருவில் போவதைப் பக்தியோடு பார்த்து நின்றவர். வெபரின் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவர் முன்னின்று பாடுபட்டார். அந்த ஏற்பாடுகளில் மூத்த மகன் மாக்சும் பங்கு கொண்டார். தந்தை கடைசியாகப் பிரிந்து சென்றபோது நான்கு வயதும் நிரம்பாத அதே குழந்தைதான்!

சவப்பெட்டி கப்பலில் ஹாம்பர்க் துறைமுகம் வந்து, அங்கிருந்து டிரெஸ்டன் வந்தது. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். தீவட்டி வெளிச்சத்தில் ஊர்வலம். ஆய்ரியாந்தே நாடகத்து மெட்டுகளைக் கொண்டு வாக்னர் அமைத்த சோக இசை முழங்கியது. கரோலின் அம்மையார் காத்திருந்தார். அன்று வண்டியில் ஏறிப் போன கணவர் ஒருவாறு வீடு வந்து சேர்ந்தார்.

ஆனால் அந்த அம்மையாரின் துயரம் அதோடு தீரவில்லை. ஓவியம் பயின்று வந்த இளைய மகன் அலெக்சாண்டர், தந்தையின் உடல் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் நோயால் இறந்திருந்தான். வயது 19. தந்தையின் முகமே நினைவில் இல்லாத பிள்ளை. டிசம்பர் 15-ந் தேதி, அந்த மகன் துயிலும் இடத்திலேயே தந்தையும் துயில் கொண்டார்.

மாக்ஸ் மரியா இசைத்துறைக்குப் போகவில்லை. ரயில்வே பொறியாளர் ஆனார். ரயில் பயணிகளின் பாதுகாப்புக்காகவும் ரயில் தொழிலாளர் நலனுக்காகவும் பல நூல்கள் எழுதினார். அவற்றுக்கு நடுவே, தந்தையின் கடிதங்களையும் நாட்குறிப்பையும் சேர்த்து, 1864-க்கும் 1866-க்கும் இடையில் மூன்று பாகங்களில் தந்தையின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். கிட்டத்தட்ட நினைவே இல்லாத தந்தையை, எழுதி எழுதியே தெரிந்து கொண்டார். வெபர் அரைகுறையாக விட்டுச் சென்ற ஒரு நாடகத்தின் ஏடுகளைக் குடும்பத்தார் பத்திரமாக வைத்திருந்தார்கள். மாக்ஸின் மகன், அதாவது வெபரின் பேரன், அவற்றைக் கஸ்தாவ் மாலர் என்ற இளம் இசைஞரிடம் கொடுத்தார். 1888-ஆம் ஆண்டில் மாலர் அதை முடித்து அரங்கேற்றினார்.

டிரெஸ்டன் நகரில் 1860-ஆம் ஆண்டில் வெபருக்குச் சிலை வைத்தார்கள். ஹோஸ்டர்விட்ஸ் கிராமத்து வீடு இன்று அவருடைய நினைவில்லமாக இருக்கிறது.

வெபரின் தந்தை தம் கனவுக்காக மகனை ஊர் ஊராக இழுத்தடித்தார். கடனையும் அவர் தலையில் வைத்தார். அந்த மகன் தந்தையானபோது, தம் பிள்ளைகள் தலையில் கடன் வைக்கவில்லை. இருந்த கொஞ்ச ஆயுளையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பெரியவராகித் தந்தையை ஊருக்குக் கொண்டுவரவும் உதவினார். உலகம் மறவாதபடி அவர் கதையையும் எழுதி வைத்தார்.